ஏரி காத்த ஆறு பேர்

உத்திரமேரூர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கும் குடவோலைதான் நினைவுக்கு வரும். பள்ளிப் பருவத்துச் சரித்திரப் புத்தகத்தில் அதைப் படித்திருக்கிறோம். மேடைகளில் பேச்சாளர்கள் பெருமிதத்தோடு எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறோம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, சூதுவாது அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்தச் செய்தி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் தேர்தல் நடந்தது என்று நாம் மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சி நியாயமானதே.

ஆனால், அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? பதவி ஏற்ற பின் அவர்கள் செய்த வேலை என்ன? இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அதற்கான விடையைத் தேடிச் செல்வோமானால், குடத்தை விட்டு ஊருக்கு வெளியே, ஓர் ஏரியின் கரை மீது போய் நிற்போம். ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்ததும், "நம் ஏரிக்கரை தாங்குமா?" என்று விழித்திருக்கும் ஒவ்வொரு கிராமத்துக்கும் அந்த விடை இன்றும் தேவைப்படுகிறது.

கல்லில் எழுதிய விதிகள்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உத்திரமேரூர். பல்லவர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்மனால் வேதியர்களுக்கு அளிக்கப்பட்ட பிரமதேயமாக உருவான ஊர் இது. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது அதன் பழைய பெயர். இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் என வழங்கும் கட்டடத்தின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை அவை. 1898இல் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்தனர். பின்னர் அறிஞர் வெங்கையா இவற்றின் பொருளை விளக்கி எழுதினார். நீலகண்ட சாஸ்திரியாரும் இவ்வூர்ச் சபையின் ஆட்சி முறையை விரிவாக ஆராய்ந்தார்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இக்காலத்து வார்டு போன்றது எனக் கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டு, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்கிப் படிக்க வேண்டும். மறைத்து வைத்த ஓலை எதுவும் கைமாறிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி இது. அவன் படித்த பின், மண்டபத்தில் கூடியிருக்கும் பெரியோர்களும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும்.

இவ்வாறு வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும் அமர்ந்தனர். எஞ்சிய 6 பேர் ஏரி வாரியத்துக்கு உரியவர்கள். எல்லோருக்கும் பதவிக்காலம் 360 நாள். ஆண்டு வாரியம் மூன்றிலும் மூத்தது. முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்களே அதற்கு எடுக்கப்பட்டனர். ஏரியையும் தோட்டத்தையும் காத்துப் பழகாத ஒருவர் ஊரின் மேல்நிலைப் பொறுப்புக்கு வர இயலாது என்பது இதன் பொருள்.

ஓர் ஊர் தன் நிர்வாகத்தை வகுத்துக்கொண்டபோது, ஏரிக்கென்று தனியே ஆறு பேரை ஒதுக்கியது. அந்த ஏரியின் இயல்பை அறிந்தால் இதன் காரணம் விளங்கும்.

வறட்சியும் வெள்ளமும்

காஞ்சி வட்டாரத்தில் ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு கிடையாது. பாலாறும், செய்யாறும், வேகவதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும். அந்த மழையும் நாள்தோறும் அளவாய்ப் பெய்வதில்லை. வங்கக் கடலில் புயல் உருவாகும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்தச் சில நாள் வெள்ளத்தைப் பிடித்து வைத்தால் ஆண்டு முழுதும் சோறு. விட்டுவிட்டால் முதலில் வெள்ளம், பின்னர் பஞ்சம். ஆதலின் இப்பகுதியில் வறட்சியைத் தடுப்பதும் வெள்ளத்தைத் தடுப்பதும் ஒரே வேலையின் இரு முகங்களாகவே இருந்து வந்திருக்கின்றன. அந்த வேலைக்கு நம் முன்னோர் கண்ட கருவி ஏரி.

உத்திரமேரூர்ப் பேரேரிக்குப் பழங்காலத்தில் வயிரமேகத் தடாகம் என்று பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மனுக்கு வயிரமேகன் என்ற விருதுப்பெயர் உண்டு. ஏரியின் பெயர் அவனைச் சுட்டுகிறது. அவன் காலம் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. குடவோலைக் கல்வெட்டு வெட்டப்படுவதற்கு முன்பே, ஏறத்தாழ மூன்று தலைமுறைகளாக, ஏரி அங்கே இருந்தது. செய்யாற்றில் அனுமந்தண்டலம் அருகே பிரியும் கால்வாய் இன்றும் இந்த ஏரிக்கு நீர் கொண்டு வருகிறது.

ஏரியின் அமைப்பை வாசகர்கள் அறிந்திருப்பினும் ஒருமுறை நினைவூட்டுவது தகும். நிலம் சரியும் திசையில் பிறை வடிவில் ஒரு மண்கரை. மேட்டுப் பக்கம் திறந்திருக்கும் நீர்ப்பிடிப்பு. நீரைக் கொண்டு வரும் வரத்துக் கால்வாய். வயலுக்கு நீர் விடும் மதகு. ஏரி நிரம்பியதும் மிகை நீர் தானே வழிந்து வெளியேறுவதற்கான கலங்கல். கலங்கலில் வழிந்த நீர் போக்குக் கால்வாய் வழியே அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். அந்த ஏரி நிரம்பி வழிந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. இப்படி ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலி போல் கோக்கப்பட்டிருக்கும். பெருமழையின் வேகம் ஒவ்வோர் ஏரியிலும் சிறிது சிறிதாகத் தணிந்து, கடைசியில் ஆற்றையோ கடலையோ சேரும்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. ஏரிக்குள் வரும் வெள்ளம் நீரை மட்டும் கொண்டு வருவதில்லை. வண்டலையும் கொண்டு வருகிறது. ஆண்டுதோறும் வண்டல் படியப் படிய ஏரியின் ஆழம் குறையும். ஆழம் குறைந்த ஏரி முன்கூட்டியே நிரம்பும்; புயல் மழையின் நடுவே அதில் இடம் இராது. அப்போது எல்லா நீரும் கலங்கலையும் கரையையும் ஒருசேர முட்டும். கரை பலவீனமாய் இருந்தால் உடைப்பு எடுக்கும். மழை கொட்டும் அந்த நள்ளிரவில் எத்தனை பேர் ஓடி வந்தாலும் செய்யக்கூடியது சொற்பமே. செய்ய வேண்டியதை எல்லாம் சித்திரை, வைகாசி வெயிலில், ஏரி காய்ந்து கிடக்கையில் செய்திருக்க வேண்டும்.

ஏரி வாரியம் செய்தது

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரிக்காக அளிக்கப்பட்ட அறக்கொடைகள் பல பதிவாகியுள்ளன. பொன்னாகவும் பொருளாகவும் சபையிடம் ஒப்படைக்கப்பட்ட கொடைகள் அவை. ஏரியின் உள்வாயில் படிந்த மண்ணை அள்ளிக் கரையில் கொட்டுவதற்காக அவை வழங்கப்பட்டன. முதலை அழிக்காமல் அதன் வட்டியாகிய பலிசையைக் கொண்டு அறத்தை ஆண்டுதோறும் நடத்துவது அக்கால வழக்கம். வக்ஃபு என்பதை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூலதனம் தொடப்படாது, அதன் வருவாய் கொடையாளர் குறித்த நற்பணிக்கே செல்லும், அதை நிர்வகிப்பவர் உடைமையாளர் அல்லர், பொறுப்பாளர் மட்டுமே. உத்திரமேரூர் ஏரிக்கு வந்த பொன்னும் அத்தகையதே.

உள்வாயின் மண்ணை எடுத்துக் கரையில் போடுவது என்ற அந்த ஒரே செயலில் இரண்டு பயன்கள் உண்டு. ஏரி ஆழமாகிறது; கரை உயர்ந்து கனமாகிறது. வறட்சிக்கு நீர் கூடுகிறது. வெள்ளத்துக்கு இடமும் கூடுகிறது. பிற ஊர்களில் இதே நோக்கத்துக்காக நிலத்தை ஒதுக்கி, அதன் விளைச்சலை ஏரிப் பராமரிப்புக்கு உரியதாக்கினர். அத்தகைய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். ஏரிக்கென்றே தண்டிய வரி ஏரியாயம் எனப்பட்டது. மன்னனின் கருவூலத்திலிருந்து பணம் வரட்டும் என்று ஊர் காத்திருக்கவில்லை.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தகுதிகளைப் பற்றியே பேசுவார்கள்: வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. ஆனால், அடுத்து வரும் தகுதியின்மைப் பட்டியலில் முதலில் நிற்பவர் கணக்குக் காட்டாதவர். எந்த வாரியத்திலாவது இருந்து, கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இட இயலாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இட இயலாது. தாயின் சகோதரிகளின் மக்கள், அத்தை மகன், மாமன் மகன், உடன்பிறந்தவர், மருமகன் என்று அந்த உறவுப் பட்டியல் நீள்கிறது. தனக்கு முடியாவிட்டால் தன் மைத்துனனை நிறுத்திப் பின்னாலிருந்து ஆட்டுவிக்கும் தந்திரத்தை அன்றே அறிந்திருந்தார்கள் போலும்.

கணக்கு எழுதுபவருக்கும் விதி இருந்தது. நேர்மையாய்ப் பொருளீட்டிய ஒருவரே கணக்கு எழுத வேண்டும். தாம் எழுதிய கணக்கைப் பெரியோர் முன் காட்டி, நேர்மையானவர் எனத் தெளியப்பட்ட பின்பே அவர் மீண்டும் நியமனம் பெற முடியும். ஒருவர் எழுதிய கணக்கை அவரே ஒப்படைக்க வேண்டும். வேறொரு கணக்கர் புகுந்து அதை முடித்து வைத்தல் ஆகாது.

919இல் ஒரு விதிமுறை செய்து, இரண்டே ஆண்டுகளில் 921இல் அதை மாற்றித் திருத்தியிருக்கிறார்கள். முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டு திருத்துவதற்கு அந்தச் சபை வெட்கப்படவில்லை. திருத்தத்தைக் கல்லிலும் பொறித்து வைத்தது.

ஆகவே, உத்திரமேரூர் ஏரியைக் காத்தது குலுக்கல் மட்டும் அன்று. யார் பொறுப்பு என்பது பெயரோடு ஊருக்குத் தெரிந்திருந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருந்தது. 360ஆம் நாள் முடிவில் கணக்குக் கேட்கப்படும் என்பதும் தெரிந்திருந்தது. இம்மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் கரை நின்றது.

குடத்தில் இடம்பெறாதவர்கள்

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. குடத்தில் விழுந்த ஓலைகள் ஊரார் அனைவருடையவையும் அல்ல. நிலமும் வேதக் கல்வியும் உடைய வேதிய ஆடவர் மட்டுமே அதற்கு உரியவர்கள். கூடை சுமந்து மண்ணைக் கரையேற்றிய கூலியாள் பெயர் அந்த ஓலையில் இல்லை. பெண்கள் பெயர் இல்லை. கரை உடைந்தால் முதலில் நீர் புகும் தாழ்ந்த பகுதியில் குடிசை போட்டு வாழ்ந்தவர் பெயரும் இல்லை.

அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளந்து பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால், அதனிடமிருந்து பாடம் கற்க விரும்பும் நாம், கணக்குக் காட்டும் ஒழுங்கை எடுத்துக்கொண்டு, கதவடைப்பை விட்டுவிட வேண்டும். எந்த ஊரிலும் வெள்ளத்தைப் பற்றி மிக நன்றாக அறிந்தவர் தாழ்ந்த நிலத்தில் வாழ்பவர்தாம். எந்த மழைக்கு எத்தனை படி நீர் ஏறும் என்பது அவர் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறது.

கைமாறிய ஏரிகள்

காலம் மாறியது. சோழர் போயினர், விஜயநகரத்தார் போயினர். 1763ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி, செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். கும்பினி அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. வருவாய் இருவருக்கும் வேண்டியிருந்தது. ஏரியின் கரை யாருக்கு வேண்டியிருந்தது என்று சொல்வது கடினம். 1780இல் ஹைதர் அலியின் படை இப்பகுதியில் புகுந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் படை படுதோல்வி அடைந்தது அந்த ஆண்டில்தான். போர் நடந்த ஆண்டுகளில் ஊர்கள் காலியாயின. ஆள் இல்லாத ஊரில் ஏரியைக் காப்பார் யார்?

போருக்கு முன்னர், 1767 முதல் 1774 வரை, பர்னார்டு என்னும் பொறியாளர் இந்த ஜாகீரின் ஏறத்தாழ 2,000 கிராமங்களை அளந்து பதிவு செய்தார். அந்தப் பதிவுகளில் ஒரு வழக்கம் தெளிவாகத் தெரிகிறது. களத்தில் நெல் குவிந்ததும், அரசின் பங்கைப் பிரிப்பதற்கு முன்பே, ஏரிக்கென்றும், மதகு திறந்து மூடும் நீர்க்கட்டிக்கென்றும், மற்ற ஊர்ப் பணியாளர்க்கென்றும் மேரை என்னும் பங்கு எடுத்து வைக்கப்பட்டது. சோழர் காலத்து வாரியம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும், ஏரிக்கு முதல் பங்கு என்ற நெறி அழியாமல் இருந்தது. பின்னர் வந்த வரி முறையில் அந்த நெறி தேய்ந்தது. பங்கு போனதும் பொறுப்பும் போயிற்று.

1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், சிதைந்த ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைந்தார். உத்திரமேரூருக்குக் கிழக்கே உள்ள மதுராந்தகம் பேரேரியோடு அவர் பெயர் இணைந்திருக்கிறது. பெருமழை இரவில் கரை உடையும் என்று அஞ்சிக் கலெக்டர் பார்வையிடச் சென்றார் என்றும், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நின்றதைக் கண்டார் என்றும், கரை உடையவில்லை என்றும் அங்குள்ள மக்கள் சொல்வார்கள். அவ்வூர்க் கோயிலுக்கு ஏரி காத்த இராமர் கோயில் என்றே பெயர். அந்த நம்பிக்கையை மதிப்போம். அதன் ஊடே வெளிப்படும் மக்களின் அச்சத்தையும் கவனிப்போம். கார்த்திகை மழையில் ஏரிக்கரை உடைவதுதான் அந்நாளில் அவர்கள் அறிந்த பேரிடர். ஊரின் மொத்த வாழ்வும் அந்த மண்கரையை நம்பியிருந்தது.

1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென ஒரு சட்டம் செய்யப்பட்டது. பெருவெள்ளத்தால் விளையும் கேட்டைத் தடுக்கக் கட்டாய உழைப்பைச் சட்டமாக்குவதும், ஏரி, கால்வாய்களில் ஊரார் வழக்கமாய்ச் செய்து வந்த குடிமராமத்துப் பணியை வற்புறுத்துவதும் அதன் நோக்கம். கரை உடையும் தறுவாயில் கிராமத்து உழைப்பாளிகளை அழைத்து வேலை வாங்க அதிகாரிகளுக்கு அது உரிமை தந்தது. ஊரின் கையிலிருந்த பணத்தையும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, முதுகு உழைப்பை மட்டும் சட்டத்தால் கேட்டால் அது எப்படி நிலைக்கும்? குடிமராமத்து ஒழுங்காக நடக்கவில்லை என்ற குறை அதன் பின்னும் தீரவே இல்லை.

வாணியம்பாடியின் பாடம்

ஓர் ஊரின் கவனக்குறைவு அந்த ஊரோடு நிற்பதில்லை என்பதற்கு, நம் சமுதாயத்தார் நன்கறிந்த வாணியம்பாடியே சான்று. 1903ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் அவ்வூரைச் சூறையாடிற்று. வெள்ளத்தில் மாண்டோர் நினைவாக எழுப்பிய தூண் அங்கே நின்று அந்நாளை நினைவூட்டுகிறது. அன்று பெய்த மழை பெரிதுதான். ஆயினும் மழை மட்டும் காரணமன்று. ஆற்றின் மேற்பகுதியில், அன்றைய மைசூர்ச் சீமையில், பேத்தமங்கலம் ஏரி போன்றவை உடைப்பெடுத்ததும் அந்த வெள்ளத்துக்குக் காரணமாயிற்று. மேலுள்ள ஏரி உடைந்தால், அதில் தேங்கியிருந்த நீர் முழுவதும் ஒரே நேரத்தில் கீழுள்ள ஏரியைத் தாக்கும். அதுவும் உடைந்தால் இரண்டின் நீரும் சேர்ந்து மூன்றாவதைத் தாக்கும். வெள்ளத்தைத் தணிப்பதற்காகக் கோத்த சங்கிலி, ஒரு கண்ணி அறுந்தால் வெள்ளத்தைப் பெருக்கும் சங்கிலியாக மாறிவிடும். வாணியம்பாடி மக்கள் தங்கள் ஊரில் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. அவர்களுடைய உயிர் இன்னொரு சீமையின் கரையில் இருந்தது.

இந்தப் பொருளில் 1369ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு நினைவுகூரத் தக்கது. விஜயநகர அரசன் புக்கனின் மகன் பாஸ்கரன், கடப்பைச் சீமையில் பொருமாமிள்ளை என்னும் ஊரில் ஏரி கட்டியபோது பொறித்தது அது. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு உறுப்புகளைச் சொல்லி, ஏரிக்கு ஆகாத ஆறு குற்றங்களையும் அது வரிசைப்படுத்துகிறது. கரையில் நீர் கசிதல், உவர் நிலம் என்பவற்றோடு, இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைதல் என்பதும் அங்கே ஒரு குற்றமாகச் சொல்லப்படுகிறது. இரண்டு அதிகாரங்களுக்கு இடையில் கிடக்கும் ஏரியை எவரும் காக்கமாட்டார் என்பதை 650 ஆண்டுகளுக்கு முன்பே அனுபவத்தால் கண்டிருந்தார்கள்.

இன்றைய எல்லைகள்

இந்திய அரசியல் நிர்ணய சபையில், 1948 நவம்பரில், கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றிய விவாதம் வந்தபோது, டி. பிரகாசம் அவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் ஓலைத் தேர்தலையும் எடுத்துக்காட்டிப் பேசினார். பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்ற 40ஆவது ஷரத்து அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. 1958இல் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டமும், அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்துக்குப் பின் 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தன. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இட ஒதுக்கீடு வந்தது. பழைய குடத்தில் இடம்பெறாதவர் பெயரும் இன்றைய வாக்குச்சீட்டில் இடம்பெறுகிறது. இது பெரும் முன்னேற்றம்.

ஆனால் ஏரி? தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனம் உடையவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்து, இப்போது நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. 2019இல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை, அம்மாவட்டத்தில் துறையின் ஏரிகள் 909 இருந்தன. பிரிவினைக்குப் பின் 381 காஞ்சிபுரத்துக்கும் 528 செங்கல்பட்டுக்கும் ஆயின. கரை ஒரு துறைக்கு, வரத்துக் கால்வாய் ஓடும் நிலம் வருவாய்த் துறைக்கு, கால்வாயைக் கடக்கும் சாலை இன்னொரு துறைக்கு, போக்குக் கால்வாயில் குப்பை கொட்டாமல் காப்பது ஊராட்சிக்கு என்று ஒரே ஏரி பல அலுவலகங்களின் எல்லையில் கிடக்கிறது. பொருமாமிள்ளைக் கல்வெட்டு சொன்ன குற்றம் இன்று வேறு வடிவில் நம் முன் நிற்கிறது. அன்று இரண்டு அரசுகள். இன்று நான்கு அலுவலகங்கள்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்துப் பேரிடர்த் திட்டம் வகுக்கச் சொல்கிறது. உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அதில் இணைத் தலைவர். உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அச்சட்டம் கடமைகள் வகுத்திருக்கிறது. சட்டத்தில் குறையில்லை. எனினும் 2015 டிசம்பர் முதல் நாளில் நேர்ந்ததை நாம் மறக்க முடியாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையோரம் வீடுகள் மூழ்கின, உயிர்கள் போயின. பின்னர் வெளியான இந்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை அதை மனிதரால் விளைந்த பேரழிவு எனக் குறிப்பிட்டது. கணக்குக் கேட்கப்பட்டது உண்மை. ஆனால் கேட்கப்பட்டது வெள்ளம் வடிந்து ஆண்டுகள் கழிந்த பிறகு. உத்திரமேரூரில் அது 360ஆம் நாளில் கேட்கப்பட்டது.

2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தை அரசு, காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் தொடங்கி வைத்தது. பெயர் மீண்டது நல்லதே. 2021 நவம்பரில் பாலாற்றில் பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் வந்தபோது, மணல் ஆறு என்று நாம் நினைத்திருந்தது எப்படி மாறக்கூடும் என்பதையும் கண்டோம். பெயரை மீட்டது போல், அதனோடு பிறந்த ஒழுங்கையும் மீட்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.

நாம் கேட்க வேண்டிய கணக்கு

அந்த ஒழுங்கு என்ன? அதற்குப் பெரிய பொறியியல் அறிவு தேவையில்லை. ஒவ்வோர் ஊரும் தன் ஏரியைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வைத்திருந்தால் போதும்.

முதலாவது, மழைக்கு முன் கேட்க வேண்டியது: இவ்வாண்டு எவ்வளவு தூர் எடுக்கப்பட்டது, எடுத்த மண் கரைக்குப் போயிற்றா, வேறெங்கும் போயிற்றா? இரண்டாவது, கலங்கலைப் பற்றியது: மிகை நீர் வெளியேறும் வழி அடுத்த ஏரி வரை திறந்திருக்கிறதா? அதிக நீர் தேக்க வேண்டும் என்ற ஆசையில் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவோரும் உண்டு. போக்குக் கால்வாயை வயலாக்கியோரும் மனையாக்கியோரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் நமக்கு வேண்டியவர்களாகவே இருப்பார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி கடினமானது. மூன்றாவது, இரவைப் பற்றியது: கரையில் கசிவு கண்டால் முதலில் அறிவிக்க வேண்டியவர் யார், தாழ்ந்த பகுதியில் இருப்போர் எங்கே செல்ல வேண்டும், கீழ் ஏரிக்காரருக்குச் செய்தி சொல்பவர் யார்? இவர்கள் துறையின் பெயராக இராமல், ஆளின் பெயராக இருக்க வேண்டும்.

உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கிராம சபை கூடுகிறது. மே முதல் நாளில் கூடும் சபை கோடையின் நடுவே வருகிறது. அக்டோபர் 2இல் கூடும் சபை பருவமழையின் வாசலில் வருகிறது. வேறு எவரோ ஆய்ந்து வகுத்தது போல் இந்த இரண்டு நாள்களும் ஏரிக்குப் பொருத்தமாய் அமைந்திருக்கின்றன. மே மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டிய வேலையையும் செலவையும் படித்து, அக்டோபர்க் கூட்டத்தில் செய்த வேலையின் கணக்கைப் படித்தால், அதுவே அந்த ஊரின் வெள்ளத் தடுப்புத் திட்டம். கலெக்டர் அலுவலகத்து அலமாரியில் இருக்கும் தடித்த திட்டப் புத்தகம், ஊரார் காதில் விழாதவரை காகிதமே.

மஹல்லாக் கூட்டத்தில் பள்ளிவாசல் கணக்கைப் படிக்கும்போது, பின் வரிசையில் அமர்ந்திருக்கும் ஏழை ஒருவர் எழுந்து, "அந்தச் செலவு எதற்கு?" என்று கேட்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவருக்கு அந்த உரிமை உண்டு என்பதில் நமக்குள் இரு கருத்து இல்லை. அதே உரிமையை ஏரிக்கரையிலும் நாம் கேட்க வேண்டும். நம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து கேட்க வேண்டும். உடைத்துக்கொண்டு வரும் நீர் எந்தத் தெரு எவருடையது என்று விசாரிப்பதில்லை.

வயிரமேகத் தடாகத்தின் கரை இன்றும் இருக்கிறது. அதைக் காத்த ஆறு பேரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆண்டுதோறும் அவர்கள் மாறினார்கள். கணக்கை ஒப்படைத்துவிட்டுத் தத்தம் வீட்டுக்குப் போனார்கள். இவ்வாண்டு நம் ஊர் ஏரிக்குப் பொறுப்பானவர் பெயரை நாம் அறிவோமா? அடுத்த கிராம சபைக்குச் செல்லும் வாசகர் எவரேனும் இந்த ஒரு கேள்வியை எழுந்து கேட்பாரானால், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகும்.